வாந்தி எடுக்க வைக்காதீர்கள்

தெருவில் வண்டியில் வரும் பினாயில்காரர், நாம் நீட்டும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் ஊற்றித் தருகிறார். வீட்டைப் பத்திரமாக்கும் முதல் வேலை, அந்தப் பாட்டிலை அப்புறப்படுத்துவது. பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய், தின்னர் எதுவானாலும் வாங்கிய டப்பாவிலேயே, லேபிளோடு இருக்கட்டும். லேபிள் இல்லாததை வாங்கவே வேண்டாம். நாலு காசு மிச்சம் குழந்தையின் உயிருக்கு ஈடாகாது.

அடுத்து, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து வீட்டை ஒரு சுற்று பாருங்கள். சிங்க்குக்கு அடியில் இருப்பதெல்லாம் தாழ்ப்பாள் போட்ட மேல் அலமாரிக்குப் போக வேண்டும். பூஜை அலமாரியை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் சூடம் பார்க்கக் கற்கண்டு மாதிரியே இருக்கும். சின்னக் குழந்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். பீரோவில் போடும் அந்துருண்டையும் விஷம்தான். தாத்தாவின் தலையணைக்கடியில் இருக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், குழந்தையின் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையும் மிட்டாய் போலவே இருக்கிறது. 'மிட்டாய் தர்றேன்' என்று சொல்லி மருந்து கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

எலி பேஸ்ட்டைத் தேங்காய்ச் சில்லில் தடவி மூலையில் வைப்பது, குழந்தை உள்ள வீட்டில் கூடவே கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் முதலில் வாந்தியைத் தரும், பிறகு ஓரிரு நாள் தேறியதுபோலக் காட்டும், அதன்பின் ஈரலைக் கெடுக்கும். பொறி வையுங்கள். கொங்குப் பகுதியில் வாசலில் தெளிக்கும் சாணிப் பவுடரும் வேண்டாம்; அது சாணியல்ல, உயிரைப் பறிக்கும் ரசாயனச் சாயம்.

இனி, குழந்தை எதையோ குடித்துவிட்டது என்றால்:

வாயில் மிச்சம் இருந்தால் துப்ப வைத்து, விரலில் துணி சுற்றித் துடைத்தெடுங்கள். முடிந்தால் வாய் கொப்பளிக்கட்டும்.

தொண்டையில் விரல் விடுவது, உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணக்கரைசல் எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி. மண்ணெண்ணெய் வாந்தியோடு மேலேறும்போது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். ஆசிட் இறங்கும்போது ஒருமுறை சுட்டது, ஏறும்போது மறுமுறை சுடும். உப்புக்கரைசலே தனி விஷம்.

உடனே 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மயங்கிக் கிடந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ல் சொல்கிறபடி செய்யுங்கள்.

பூச்சிமருந்து மேலே கொட்டியிருந்தால் உடையைக் கழற்றி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால்மணி நேரமாவது குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட் சேர்ந்து நெடி கிளம்பினால், கழுவிக்கொண்டு நிற்காமல் ஆளைக் காற்றோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

'நல்லாத்தானே விளையாடுது' என்று காத்திருக்காதீர்கள். பாட்டிலை, மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு, அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எவ்வளவு என்று சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் 'வயித்துவலி' என்று மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. கேஸ் எழுதுவது மருத்துவமனை நடைமுறை. குடித்தது எது என்று தெரியாமல் டாக்டரால் சரியான மருந்து கொடுக்க முடியாது. தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள்.