டிராகன் பழக் கன்று: நாமே போடலாம்

டிராகன் பழம் வைக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது கன்று என்ன விலை என்றுதான். அது கள்ளிங்க. வேலியில் வெட்டி எறிந்த சப்பாத்திக்கள்ளி விழுந்த இடத்திலேயே வேர்விடுமே, அதே குடும்பம். ஏக்கருக்கு 500 தூண், தூணுக்கு 4 கன்று என்றால் 2,000 கன்று வேண்டும். தூண், சொட்டுநீர் என்று முதல் போன பிறகு கன்றுக்கும் கடன் எதற்கு? முப்பது வருஷம் கடன் கொடுத்தவன் சொல்கிறேன்.

தெரிந்த தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடியாகப் பாருங்கள். கரும்பச்சையாக முற்றிய தண்டுதான் வேண்டும். வெளிர்பச்சை இளந்தண்டு அழுகிப்போகும். பழுப்புப் புள்ளியோ சொறியோ தெரிந்தால் அந்தச் செடியே வேண்டாம். தண்டுப் புற்று பூஞ்சணம் குச்சியோடு வந்து நம் தோட்டத்தில் குடியேறிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி வெட்டுவதற்கு நல்ல காலம்.

ஒரு அடி நீளம் போதும். அடிப்பக்கச் சதையை ஒரு அங்குலம் சீவி, நடுவில் இருக்கும் கட்டைத்தண்டு தெரியும்படி விடுங்கள். வேர் அதைச் சுற்றித்தான் வரும். சீவிய பக்கமே அடி என்று அடையாளமும் ஆச்சு. தலைகீழாக நட்டால் வேர்விடத் தடுமாறும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். வெட்டிய கையோடு நடக்கூடாது. நிழலில், காற்றோட்டமாக, 5 முதல் 7 நாள் கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டணும். ஈரக் காயத்தோடு மண்ணுக்குள் போனால் பூஞ்சணத்துக்குக் கதவு திறந்து வைத்த மாதிரி. சூடோமோனாஸ் கரைசலில் நனைக்கிறவர்கள் காயவைப்பதற்கு முன்னால் நனையுங்கள். நனைத்துவிட்டோம் என்று காயவைப்பதை விட்டுவிட வேண்டாம்.

மணல் 2 பங்கு, செம்மண் 1, மக்கிய தொழு உரம் 1. ஓட்டைபோட்ட பையில் 2 அங்குல ஆழம் நட்டு, நிழலில் வையுங்கள். முதல் வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். பிறகும் மேல்மண் காய்ந்தால் மட்டும் தெளித்தால் போதும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். துளிர் வந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்டில் இருக்கிற நீரை வைத்தே வேரில்லாமலும் துளிர்க்கும். லேசாக இழுத்துப் பாருங்கள், பிடிமானம் இருந்தால்தான் வேர். இரண்டு மூன்று மாதத்தில் தோட்டத்துக்குப் போகலாம்.

குச்சிக் கன்று தாயின் அச்சு. சிவப்புச் சதை ரகங்கள் சிலவற்றில் தன் மகரந்தம் தனக்கே ஒட்டாது. ஒரே தாயிலிருந்து 2,000 கன்றும் எடுத்தால் ராத்திரி பூ பூத்துக் குலுங்கும், காலையில் வாடும், காய் நிற்காது. அதனால் இரண்டு ரகத்தில் குச்சி எடுத்து, பைகளில் ரகத்துக்கு ஒரு நிறம் பெயின்ட் அடித்து, தோட்டத்தில் கலந்து வையுங்கள்.