மாறுவது கடைசி எண் மட்டும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஆயத்தொலை வடிவியலில் இணைகோட்டுக் கணக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போவார்கள். சமன்பாட்டை ஒய் = எம்எக்ஸ் + சி என்று மாற்றி, சாய்வு எடுத்து, புள்ளியைப் போட்டு, கடைசியில் பின்னத்தை நீக்குவது. வழி சரிதான். ஆனால் அதற்குள் எங்காவது ஒரு கழித்தல் குறி நழுவிவிடும். பள்ளியில் நானும் அப்படி மதிப்பெண் இழந்திருக்கிறேன்.

அதனால் இப்போது முதலில் வரைபடத்தாளை எடுக்கச் சொல்கிறேன். 3எக்ஸ் − 4ஒய் + 5 = 0 என்ற கோட்டை வரையுங்கள். அதன்மேல் (1, 2) என்ற புள்ளியில் விரலை வைத்து, வலப்பக்கம் 4 கட்டம், மேலே 3 கட்டம் நகருங்கள். (5, 5)-க்கு வருவீர்கள். அதுவும் கோட்டின்மேல்தான் இருக்கிறது. இனி கோட்டுக்கு வெளியே (−2, 1)-இல் விரலை வைத்து அதே நடை நடந்தால் (2, 4). இந்த இரண்டையும் சேர்த்தால் இணைகோடு தயார். நடையைத் தீர்மானித்தவை 3-ம் 4-ம். 5-க்கு அதில் பங்கே இல்லை. கோடு தாளில் எந்த இடத்தில் கிடக்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. இதை விரலால் நடந்து பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

பிறகு கணக்கு இரண்டே வரி. 3எக்ஸ் − 4ஒய் + கே = 0 என்று எழுதி, (−2, 1)-ஐப் போடுங்கள். −6 − 4 + கே = 0; கே = 10. விடை 3எக்ஸ் − 4ஒய் + 10 = 0. குறை எண்ணைப் போடும்போது 3(−2) என்று அடைப்புக்குறியோடு எழுதுவது நல்லது. அதிகமான தவறு நடப்பது அங்கேதான்.

எக்ஸ் = 4 போன்ற செங்குத்துக் கோடு வந்தால் “சாய்வு என்ன சார் போடறது?” என்று திகைத்து நிற்பார்கள். அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. ஆனால் இந்த வழியில் சாய்வே தேவையில்லை. (−1, 7) வழியாகப் போகும் இணைகோடு எக்ஸ் = −1, அவ்வளவுதான்.

சில சமயம் கே-யின் மதிப்பு பழைய எண்ணாகவே வரும். கணக்குத் தப்பு என்று அடித்துவிடாதீர்கள். கொடுத்த புள்ளி அந்தக் கோட்டின்மேலேயே இருக்கிறது என்று பொருள்.

விடை எழுதியதும் கொடுத்த புள்ளியை அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பூச்சியம் வந்தால் அடுத்த கணக்குக்குப் போகலாம்.