படிக்காத கடிதங்களின் எண்ணிக்கை மறைந்தால்

சங்க அலுவலகத்துக்குத் தபால்காரர் வரும் நேரத்தை எதிர்பார்த்திருந்த காலம் ஒன்று உண்டு. இன்றோ நூல் ஒதுக்கீட்டுக் கடிதமாயினும், பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியைத் தெரிவிக்கும் சுற்றறிக்கையாயினும், தணிக்கைக் கேள்வியாயினும் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே வந்து சேருகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மங்கலம்பேட்டை போன்ற சிற்றூர்ச் சங்கங்களிலும் இக்கலையைக் கற்றுக் கொள்ளாமல் இனி அலுவல் நடவாது.

கணினியிலுள்ள மின்னஞ்சல் செயலியின் இடப்புறத்தில் கோப்புறைகள் வரிசையாக நிற்கும். படிக்காத கடிதம் உள்ள கோப்புறையின் பெயர் தடித்த எழுத்திலும், அதன் அருகில் எண்ணிக்கையும் தோன்றும். அவ்வெண் தோன்றாதபோது கடிதம் ஒன்றும் வரவில்லை என்று நாம் எண்ணி விடுகிறோம். நான் சிலகாலம் கடிதப் பொறுப்பு வகித்த ஒரு சங்கத்தில் இப்படித்தான் நேர்ந்தது. நூல் தேவையை உறுதிப்படுத்தி விடை எழுதும்படி கேட்ட கடிதம் ஒன்பது நாட்கள் திறக்கப்படாமல் கிடந்தது. பாவு ஓட்டக் காத்திருந்த நெசவாளர்கள் என்னிடம் வந்து, "நூல் எங்கே, ஐயா?" என்று கேட்டபோதுதான் தேடிப் பார்த்தேன். கடிதம் முறைப்படி வந்திருந்தது. எண் மட்டுமே வரவில்லை.

இதன் காரணத்தை அறிய வேண்டுமானால், அந்த எண் மூன்று இடங்களைச் சார்ந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ளல் வேண்டும். கடிதங்களைக் காத்து வைக்கும் தொலைவிலுள்ள சர்வரில், ஒவ்வொரு கடிதத்தின் மீதும் 'பார்க்கப்பட்டது' என்னும் குறி உண்டு அல்லது இல்லை. இது பேரேட்டின் அசல் பதிவு போன்றது. நம் கணினியிலுள்ள செயலி, அதனைப் பார்த்துத் தனக்கென ஒரு சுருக்கக் கணக்கு எழுதிக் கொள்கிறது. திரையில் நாம் காணும் எண்ணோ அச்சுருக்கக் கணக்கிலிருந்து அறிவிப்புப் பலகையில் எழுதியது போன்றதாகும். பலகையில் எழுத்து அழிந்ததால் பேரேடு அழிந்து விடாது. ஆகவே, எண் மறைந்தால் இம்மூன்றில் எங்கே பிழை என்று காண்பதே முதல் வேலை. அதற்குமுன் எதையும் அழித்தலோ, கணக்கை நீக்கிப் புதிதாகச் சேர்த்தலோ கூடாது.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. செயலியை விட்டு, இணைய உலாவியில் அதே மின்னஞ்சல் கணக்கைத் திறந்து பாருங்கள். அங்கும் கடிதம் படிக்கப்பட்டதாகவே காட்டினால் செயலியின் மேல் குற்றமில்லை. காரியதரிசி காலையில் தம் கைப்பேசியில் அதனைத் திறந்திருப்பார். அல்லது செயலியின் முன்தோற்றப் பகுதியில் கடிதம் ஒரு கணம் தோன்றி மறைந்திருக்கும். தண்டர்பேர்ட் செயலியில் கடிதம் திரையில் தோன்றிய உடனே படித்ததாகக் குறிக்கும் ஏற்பாடு இயல்பாகவே உள்ளது. அமைப்புகளில் பொதுப் பகுதிக்குச் சென்று, சில வினாடிகள் கழிந்தபின் குறிக்கும்படியோ, தானாகக் குறிக்கவே கூடாதென்றோ மாற்றிக் கொள்ளலாம். ஒரே பெட்டியை இருவர் மூவர் பார்க்கும் சங்கங்களில் இம்மாற்றம் மிகவும் வேண்டற்பாலது. அங்கெல்லாம் விடை எழுத வேண்டிய கடிதத்துக்கு விண்மீன் குறியிட்டுத் தபால் பதிவேட்டிலும் ஏற்றிவிடுவது என் வழக்கம்.

உலாவியில் படிக்காததாகவும் செயலியில் எண்ணின்றியும் இருந்தால், அக்கடிதம் எந்தக் கோப்புறையில் உள்ளது என்று பாருங்கள். எனக்கு நேர்ந்த தவறு இங்கேதான் இருந்தது. குறிப்பிட்ட முகவரியிலிருந்து வரும் கடிதங்களைத் தனிக் கோப்புறைக்கு அனுப்பும்படி சர்வரில் யாரோ விதி எழுதி வைத்திருந்தனர். செயலியோ 'இன்பாக்ஸ்' என்னும் வரவுப் பெட்டியை மட்டும் அவ்வப்போது சென்று பார்த்து வந்தது. மற்ற கோப்புறையை நாமாகத் திறக்கும் வரை அதற்குச் செய்தி தெரியாது. அக்கோப்புறையின் மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்திப் 'ப்ராபர்டீஸ்' என்பதைத் திறந்தால், புதுக் கடிதங்களைப் பெறும்போது இக்கோப்புறையையும் எப்போதும் பார்க்கும்படி ஒரு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டால் போதும். ஒரு நிமிட வேலை. அது தெரியாமல் ஒன்பது நாள் தறி நின்றது.

கோப்புறையைத் திறந்த பின்னும் எண் சரியாக வரவில்லையெனில், சுருக்கக் கணக்கே பழுதுற்றிருக்கலாம். மின்சாரம் திடீரென நின்று கணினி அணைந்துபோவது இதற்கொரு காரணம்; நம் பக்கத்தில் இது புதிதன்று. தண்டர்பேர்ட் இக்கணக்கை 'எம்.எஸ்.எப்.' என்று முடியும் கோப்புகளில் வைத்திருக்கிறது. அதே 'ப்ராபர்டீஸ்' பகுதியிலுள்ள 'ரிப்பேர் போல்டர்' பொத்தானை அழுத்தினால், பழைய சுருக்கத்தைத் தள்ளிவிட்டு அசலிலிருந்து புதிதாக எழுதிக் கொள்ளும். கோப்புறை பெரிதாயின் நேரம் பிடிக்கும். நடுவில் அணைத்து விடாதீர்கள். சிலர் அக்கோப்பைக் கையாலேயே நீக்குவர். செயலியை மூடிய பிறகு அப்படிச் செய்யலாமெனினும், பக்கத்தில் அதே பெயரில் 'எம்.எஸ்.எப்.' இல்லாமல் நிற்கும் கோப்பில்தான் கடிதங்களே இருக்கும். கை தவறி அதனை நீக்கினால், கணினியில் மட்டும் சேமித்த கடிதங்கள் போய்விடும். பொத்தான் இருக்கையில் இந்தத் துணிச்சல் எதற்கு?

எஞ்சியது பலகையின் குறை. அவுட்லுக்கின் பழைய வடிவில் ஒவ்வொரு கோப்புறைக்கும் படிக்காதவற்றின் எண்ணைக் காட்டுவதா, மொத்த எண்ணைக் காட்டுவதா என்று தனித்தனியே தீர்மானிக்கலாம். இதுவும் 'ப்ராபர்டீஸ்' பகுதியிலேயே உள்ளது. தண்டர்பேர்டின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில் இடப்புறப் பட்டியல் புதிதாக அமைக்கப்பட்டது. அதன் தலைப்பிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, எல்லாக் கோப்புறைகளும் காட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். விருப்பக் கோப்புறைகள் மட்டும் தெரியும்படி வைத்திருந்தால், மற்றவை எண்ணோடு சேர்ந்து மறைந்து நிற்கும்.

இதுவரை கூறியதெல்லாம் 'ஐமேப்' முறையில் இயங்கும் கணக்குக்கே பொருந்தும். மார்க் கிறிஸ்பின் என்னும் அமெரிக்கர் 1986-இல் வகுத்த இம்முறையில் 'பார்க்கப்பட்டது' என்னும் குறி சர்வரிலேயே தங்கும். எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் தெரியும். 'பாப்' முறையில் அக்குறி அந்தந்தக் கணினியிலேயே தங்கும். எனவே காரியதரிசியின் கணினியில் 3 என்றும் எழுத்தரின் கணினியில் 17 என்றும் காட்டினால் அது பழுதன்று. உங்கள் சங்கத்தில் எம்முறை என்பதைக் கணக்கு அமைப்புகளில் சர்வர் வகை என்ற இடத்தில் பார்த்துத் தபால் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள்; அடுத்து அந்த நாற்காலியில் அமர்பவர் தேடாமல் இருப்பார்.