ஆயில் இன்ஜின் ஏன் கிளம்பவில்லை?

காற்றுக்கு அழுத்தம் உண்டு என்று எல்லோரும் பாடத்தில் படித்திருக்கிறோம், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். அதே காற்று எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்கு வந்து ஒரு நாள் முழுக்க எங்களை அலைய விட்டது. அதைத்தான் இந்தத் தடவை அறிவியல் பகுதியில் எழுதுகிறேன். உங்க வீட்டிலும் ஆயில் இன்ஜின் இருந்தால் இது உதவும்.

எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் சர்வீஸ் இல்லை. 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின்தான். மொபெட், பைக்கில் பிளக் இருக்கும், அது பொறி தட்டி பெட்ரோலைப் பற்ற வைக்கும். டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. அப்புறம் எப்படித் தீ பிடிக்கிறது? சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்கள் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் சூடாகும். இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்றைச் சுமார் பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறது. அப்போது காற்றின் சூடு 500 டிகிரி செல்சியசுக்கும் மேலே போகும். அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் பனி மாதிரி பீச்சுகிறது. அந்தச் சூட்டில் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீசல். அவருடைய இன்ஜின் 1897-ல் ஜெர்மனியில் வெற்றிகரமாக ஓடியது. அவர் பெயரைத்தான் நாம் கேனில் வாங்கி வருகிறோம்!

ஆக, இன்ஜின் கிளம்ப இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, காற்று நன்றாக நசுங்க வேண்டும். இரண்டு, டீசல் சரியாகப் பீச்ச வேண்டும். கிளம்பவில்லை என்றால் இந்த இரண்டில் எது இல்லை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டே இருந்தால் கைதான் வலிக்கும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மல்லாட்டை விதைத்து 45 நாள் ஆகியிருந்தது. பூ வாடியதும் அதிலிருந்து ஊசி மாதிரி ஒரு காம்பு கீழே வளைந்து மண்ணுக்குள் இறங்கும், அதை விழுது என்போம். அது மண்ணுக்குள் போனால்தான் காய் பிடிக்கும். மண் ஈரமாக, பொலபொலவென்று இருக்க வேண்டும். காய்ந்து இறுகிப்போனால் விழுது மேலேயே நின்று கருகிவிடும். அந்தச் சமயத்தில் ஒரு தண்ணீர் தவறினாலும் நஷ்டம். அன்று சாயங்காலம் பார்த்து இன்ஜின் கால் மணி நேரம் ஓடி நின்றுவிட்டது.

நின்ற விதத்தையும் கவனிக்க வேண்டும் என்பார் தாத்தா. டக்கென்று இறுகி நின்றால் உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டது, அதைத் தொடவே கூடாது, மெக்கானிக்தான் பார்க்கணும். எங்களுடையது அப்படி இல்லை. வேகம் குறைந்து, ஒரு அடி விட்டு ஒரு அடி அடித்து, இழுத்து இழுத்து அடங்கியது. குச்சி விட்டுப் பார்த்தோம், டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருந்தது.

மறுநாள் காலையில் அம்மாவும் பக்கத்துக் கொல்லை மாமாவும் மாற்றி மாற்றி இருபது தடவையாவது சுற்றியிருப்பார்கள். புகைகூட வரவில்லை. மெக்கானிக் திருவிழாவுக்குப் போயிருந்தார், வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மாமா, “துணியில பெட்ரோல் நனைச்சு காத்து போற வழியில வெச்சா ஒரே சுத்துல புடிச்சுக்கும்” என்றார். தாத்தா ஒரேயடியாக மறுத்துவிட்டார். பெட்ரோல், பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குள் வெடித்தால் ஹேண்டில் பின்னால் உதைத்து மணிக்கட்டை உடைத்துவிடும் என்றார்.

“மொதல்ல நாசில் பேசுதான்னு கேளுங்க” என்றார் அடுத்து. டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டால் வால்வு திறந்தபடி இருக்கும், காற்று நசுங்காது, ஹேண்டில் லேசாகச் சுற்றும். அப்போது நாசில் டீசலைப் பீச்சினால் ‘கிர்க், கிர்க்’ என்று சத்தம் வரும். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வரும், ஏனென்றால் இது நான்கு வீச்சு இன்ஜின். அந்தச் சத்தம் கேட்டால் டீசல் வருகிறது என்று அர்த்தம்.

ஆனால் தாத்தாவுக்கு இப்போது காது மந்தம். முப்பது வருஷம் அந்த இன்ஜின் பக்கத்திலேயே நின்றவர். அம்மா ஹேண்டிலில், மாமா லீவரில். அதனால் தாத்தா என்னைக் கூப்பிட்டார். மாமா “பொம்பளப் புள்ளக்கு என்ன தெரியும்” என்றார். தாத்தாவுக்கு அது கேட்கவில்லை, அதுவும் நல்லதுதான். நான் தாவணியைக் கழற்றி வைத்துவிட்டு, சடையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் எட்ட நின்று காதைக் கொடுத்தேன். சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும்தான் வந்தது. கிர்க் இல்லை. “பாப்பா, காதுல உழுதா?” என்றார். இல்லை என்று கையை ஆட்டினேன்.

அப்படியானால் கோளாறு டீசல் வரும் வழியில். தாத்தா “ஏர் புடிச்சிருக்கு” என்றார். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பம்ப் டீசலை வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் தள்ளினால்தான் நாசிலுக்குள் இருக்கும் ஊசி மேலே எழும்பி வழி விடும். டீசல் திரவம், நசுங்காது, தள்ளினால் அப்படியே போய் இடிக்கும். பைப்பில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் அது பஞ்சு மாதிரி நசுங்கி நசுங்கி விரியும், தள்ளுகிற வேகத்தை எல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும். ஊசி எழும்பாது. சிலிண்டருக்குள் எந்தக் குணத்தால் காற்று இன்ஜினை ஓட்டுகிறதோ, அதே குணத்தால் பைப்புக்குள் நிறுத்திவிடுகிறது.

ஏர் எடுப்பது இப்படி. டேங்கிலிருந்து நாசில் வரை வரிசையாக வர வேண்டும், நடுவில் ஆரம்பித்தால் பயன் இல்லை. முதலில் ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்த வேண்டும். நுரை நுரையாக வரும், நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் முறுக்க வேண்டும். அடுத்து பம்பில் உள்ள திருகு, அதே மாதிரி. கடைசியாக நாசிலுக்குப் போகும் கம்பி பைப்பின் நட்டைத் தளர்த்தி, டீசல் கசியும் வரை ஹேண்டிலைச் சுற்றி, பிறகு இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன்னால் முகத்தையோ விரலையோ கிட்டே கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எல்லாம் செய்து, குறைந்திருந்த டீசலையும் ஊற்றி டேங்கைக் கட்டிய பிறகு மறுபடி காதைக் கொடுத்தேன். கிர்க்! இரண்டு சுற்று விட்டு இன்னொரு கிர்க்! மாமா லீவரைப் போட்டார், இன்ஜின் டும் டும் என்று எடுத்தது. தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் நான் ஓடிப்போய் மடை திறந்தேன்.

இரண்டாவது பாத்தி நனைவதற்குள் மறுபடி இழுத்து இழுத்து நின்றுவிட்டது.

திரும்பவும் ஏர் எடுத்தோம். திரும்பவும் கால் மணி நேரம். இதற்குள் வெயில் ஏறிவிட்டது, அம்மா உள்ளங்கையில் கொப்பளம். பம்ப் போய்விட்டது, கழற்றி டவுனுக்குத்தான் எடுத்துப் போகணும் என்று மாமா சொன்னார். அதற்கு எவ்வளவு ஆகும் என்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை.

அப்போதுதான் நான் டேங்கைப் பார்த்தேன். அதன் மூடி நான்கு நாளைக்கு முன் தொலைந்துவிட்டது. தூசி விழாமல் இருக்க, பாலிதீன் பையை இரட்டையாக மடித்து ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டியது நான்தான். டீசல் பார்ப்பதற்காக அவிழ்த்தபோதெல்லாம் திரும்பக் கட்டியதும் நான்தான். அந்தப் பாலிதீன் இப்போது கிண்ணம் மாதிரி உள்ளே குழிந்து போயிருந்தது.

ஸ்ட்ராவில் தண்ணீர் எடுத்து மேல் ஓட்டையை விரலால் மூடினால் தண்ணீர் கீழே விழாது, விளையாடியிருப்பீர்கள். அதேதான். டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் அழுத்தம் குறையும், வெளிக்காற்று பாலிதீனை உள்ளே அமுக்கும், டீசல் இறங்காது. பம்ப் விடாமல் உறிஞ்சும்போது, டீசலுக்குப் பதில் பைப் இணைப்புகளின் வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். டேங்கின் மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது, அது தேய்ந்துபோன ஓட்டை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் வாய் வரவில்லை. பிறகு ரப்பர் பேண்டை எடுத்துவிட்டேன். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனது, அதை அம்மாவும் கேட்டார்கள். நான் சொன்னதும் தாத்தா, “நானும் காலைலேந்து நாலு வாட்டி அத்தப் பாத்தனே, எனக்கும் தோணலியே” என்றார். ஏர் எடுத்து ஓட்டினோம். டேங்க் வாயில் மெல்லிய துணி மட்டும் போட்டோம். சாயங்காலம் கிணறு வற்றும் வரை நிற்கவில்லை. கடைசி மூன்று பாத்திக்கு அன்று தண்ணீர் எட்டவில்லை, மறுநாள் கிணறு ஊறிய பிறகுதான் பாய்ந்தது. அந்த மூன்றில் காய் குறைவாகத்தான் இருந்தது.

நாசில் சத்தம் வந்தும் இன்ஜின் எடுக்கவில்லை என்றால் அது வேறு வழக்கு. லீவரைப் போட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு இடத்தில் முட்டி, பின்னால் தள்ள வேண்டும். முட்டாமல் லொடலொடவென்று சுற்றினால் காற்று எங்கோ ஒழுகுகிறது. வால்வு சரியாக மூடவில்லை, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, அல்லது ஹெட் கேஸ்கட் போய்விட்டது. வெள்ளைப் புகை மட்டும் வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் சூடு போதவில்லை.

பறக்கும் விளையாட்டு விமானத்தில் வைக்கும் சின்ன இன்ஜினுக்கும் இதே விசாரணைதான் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அதற்கு மெத்தனாலும் எண்ணெயும் கலந்த எரிபொருள். அதன் பிளக் பொறி தட்டாது, உள்ளே பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் இருக்கும். கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரியால் அதைச் சிவக்க வைப்பார்கள், ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். கிளம்பாவிட்டால் அங்கேயும் எரிபொருள் வருகிறதா, சூடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்களாம்.

எங்கள் டேங்குக்கு இப்போது தகர டப்பா மூடி. நடுவில் ஆணியால் ஓட்டை போட்டதும் நான்தான். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க மேலே ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்திருக்கிறோம்.