வேகமும் விவேகமும்

மனித உடலில் இதயம் ஓயாது துடித்துக்கொண்டிருப்பது போலவே, கணிப்பொறியினுள்ளும் ஒரு துடிப்பு உண்டு. கணிப்பொறிக்கு மூளையாய் அமைந்த சிறு சில்லினைச் செயலி என்பர். அச்சில்லில் டிரான்சிஸ்டர் என்னும் நுண்ணிய மின்விசைகள் எண்ணிறந்தன உள்ளன. அவை தத்தம் போக்கில் இயங்குமாயின் குழப்பமே விளையும். ஆதலின், தாளத்திற்கு இணங்க அடியெடுத்து வைக்கும் ஆடல் மகளிரைப் போல, அவையனைத்தும் ஒரு கடிகாரத் துடிப்பிற்கு இணங்கியே இயங்குகின்றன. நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்பு ஒரு மெகாஹெர்ட்ஸ். நூறு கோடித் துடிப்பு ஒரு கிகாஹெர்ட்ஸ். 1971 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலி, ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, நொடிக்கு 7,40,000 முறை துடித்தது. முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள் அத்துடிப்பு நூறு கோடியைத் தொட்டது.

ஒரே தட்டில் வார்த்த சில்லுகள் யாவும் ஒரே திறமுடையன அல்ல. ஒரே வயலில் விளைந்த நெல்மணிகளுள்ளும் பெரிதும் சிறிதும் உண்டன்றோ? ஆதலின் உற்பத்தியாளர் சில்லுகளைச் சோதித்து, இன்ன வேகத்தில் பிழையின்றி இயங்கும் என்று முத்திரையிட்டு விற்பர். கோடை வெப்பம், தூசி, மின்னழுத்த மாறுபாடு ஆகியவற்றையும் தாங்க வேண்டுமாதலின், சில்லின் முழு ஆற்றலையும் அம்முத்திரை கூறாது. சிறிது இருப்பு வைத்தே கூறும். பத்து டன் பாரம் செல்லலாம் என்று பலகை வைத்த பாலம், பதினோராவது டன்னில் இடிந்து விழுவதில்லை. அவ்விருப்பில் கைவைத்து, குறித்த வேகத்தினும் மிகுந்த வேகத்தில் செயலியை இயக்குவதே ஓவர்கிளாக்கிங் எனப்படும்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று 1998 ஆம் ஆண்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் செயலி. தாய்ப்பலகை 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அளிக்கும் துடிப்பினை நாலரை மடங்காக்கி, அது 300 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. தாய்ப்பலகையின் துடிப்பை 100 ஆக உயர்த்தியபோது, அச்செயலிகளுட் பல 450 மெகாஹெர்ட்ஸில் இனிது இயங்கின. மலிந்த விலையில் வாங்கிய பொருள், விலையுயர்ந்த செயலிக்கு நிகராய் உழைத்தது கண்டு ஆர்வலர் வியந்தனர். இதன் காரணம் மாயமன்று. விலையுயர்ந்த செயலியும் இதுவும் ஒரே வகை நுட்பத்தால் உருவானவை. மலிவுப் பொருள் விலைமிக்க பொருளுடன் போட்டியிடலாகாது என்னும் வாணிக நோக்கமே அம்முத்திரையைத் தாழ்த்தியது.

எனினும் மிகை வேகம் விலையின்றிக் கிடைப்பதில்லை. துடிப்பு மிகும் அளவிற்குச் செயலி உண்ணும் மின்னாற்றலும் மிகும்; மின்னழுத்தத்தைக் கூட்டினாலோ, அதன் இருமடிக்கு ஏற்ப மிகும். துடிப்பை ஐந்தில் ஒரு பங்கும், அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கும் உயர்த்தினால், மின்செலவு ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு உயர்ந்துவிடும். அத்தனையும் வெப்பமாக மாறும். 2011 ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ் செயலியொன்றை 8.4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் துடிக்கச் செய்து உலகச் சாதனை நிகழ்த்தியவர்கள், அதனைக் குளிர்விக்கத் திரவ ஹீலியத்தைப் பயன்படுத்த நேர்ந்தது. அது காட்சிக்கு உரிய வேகமேயன்றி வாழ்க்கைக்கு உரியதன்று.

இருப்பு எப்போது மிகும், எப்போது குறையும் என்பதை விளக்குவது நிறுவனங்களின் போட்டியே. இன்டெல் 1968 ஆம் ஆண்டிலும், ஏஎம்டி 1969 ஆம் ஆண்டிலும் கலிபோர்னியாவில் தோன்றின. ஒரு காலத்தில் உடன்பாடு செய்துகொண்ட அவ்விரு நிறுவனங்களும் பின்னர்ப் பெரும் போட்டியாளராயின. 2000 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6 ஆம் நாள் ஏஎம்டி நிறுவனம் ஒரு கிகாஹெர்ட்ஸ் அத்லான் செயலியை அறிவித்தது. இரண்டே நாட்களில் இன்டெலும் அதே வேகமுடைய பென்டியம் III செயலியை அறிவித்தது. அவ்வளவில் நில்லாது, அவ்வாண்டு ஜூலைத் திங்களின் இறுதியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் செயலியையும் இன்டெல் வெளியிட்டது.

அங்கேதான் இடறல் நேர்ந்தது. புதிய செயலியை வாங்கிச் சோதித்த வல்லுநர் சிலர், கடினமான பணிகளில் அது தடுமாறுவதைக் கண்டனர். போட்டியின் வேகம் இருப்பு முழுவதையும் விழுங்கிவிட்டது. நிறுவனமும் குறையை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டுத் திங்களிலேயே அச்செயலியைத் திரும்பப் பெற்றது. இயங்காது நின்றுவிடும் செயலியினும், இயங்கிக்கொண்டே தவறாகக் கணக்கிடும் செயலி கொடியது. மருத்துவமனையிலும் வங்கியிலும் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் விளையும் தீங்கு சிறிதோ?

திரையில் உருவங்களைத் தீட்டும் வரைகலை அட்டைகளின் வரலாறும் இதனையே கூறுகிறது. 2002 ஆம் ஆண்டில் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 9700 புரோ என்னும் அட்டை 325 மெகாஹெர்ட்ஸில் இயங்கிப் புகழ்பெற்றது. அதனை வெல்ல விரும்பிய என்விடியா நிறுவனம், 2003 ஆம் ஆண்டில் 500 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதன் வெப்பத்தைத் தணிக்க அமைத்த விசிறி பேரிரைச்சல் எழுப்பியது. துடிப்பு மிக்கிருந்தும், பல பணிகளில் பழைய போட்டியாளனை அதனால் விஞ்ச இயலவில்லை.

துடிப்பின் எண்ணிக்கையையே பெருமையாகக் கருதிய இன்டெல், பென்டியம் 4 வகையினை 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தியது. 4 கிகாஹெர்ட்ஸ் செயலியை வெளியிடும் திட்டத்தை 2004 ஆம் ஆண்டில் அந்நிறுவனமே கைவிட்டது. வெப்பம் பெருஞ்சுவராய் வழிமறித்தது. பின்னர் 2006 ஆம் ஆண்டில் அது வெளியிட்ட கோர் 2 டியோ செயலிகள் குறைவாகத் துடித்தும், குறைந்த மின்னாற்றலை உண்டும், முன்னவற்றினும் மிகுதியாய் உழைத்தன. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் பணியைச் செய்தமையும், இரண்டு உள்ளகங்கள் பணியைப் பகிர்ந்துகொண்டமையுமே அதன் காரணம். 2008 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த இன்டெல் செயலிகள் பல, தம் வெப்பத்தைத் தாமே அளந்து, இடமுள்ளபோது வேகத்தைத் தாமே கூட்டிக்கொள்ளும் திறம் பெற்றன. முன்னர்ப் பயனாளர் தேடியெடுத்த இருப்பினை இவ்வாறு உற்பத்தியாளரே பயன்படுத்தத் தொடங்கினர்.

ஆதலின் புதிய செயலியோ அட்டையோ வெளிவருகிறது என்னும் செய்தி கேட்டவுடன், அதன் கிகாஹெர்ட்ஸை மட்டும் நோக்குதல் அறிவுடைமை ஆகாது. ஒரு துடிப்பில் அது செய்யும் பணி எவ்வளவு, உண்ணும் மின்னாற்றல் எவ்வளவு, போட்டியின் பொருட்டு அதன் இருப்பு முன்னரே செலவாகிவிட்டதோ என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். போட்டி நன்றே, அஃது இல்லையேல் வளர்ச்சி இல்லை. ஆயினும் பதறாத காரியம் சிதறாது என்னும் முதுமொழி மனிதர்க்கு மட்டுமன்று, அவர் படைக்கும் பொறிகளுக்கும் பொருந்துவதாகும்.