மாமாவுக்கு ஏன் ஓ வகைக் குருதி?

எனது பெரிய மாமாவுக்குச் சின்ன மாமா தமது சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். பெரிய மாமாவின் குருதி ஏ வகை. சின்ன மாமாவினது ஓ வகை. ஓ வகையினர் எவருக்கும் கொடுக்கலாம் என்று சாதாரண தரத்திலேயே படித்திருந்ததால் எனக்குப் பயம் இருக்கவில்லை. சத்திரசிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

பத்தாம் நாள் மாமாவின் கண்கள் மஞ்சளாயின. சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போனது. ஈமோகுளோபின் 10 இலிருந்து 6.5 இற்கு இறங்கியது. "தம்பிட கிட்னியயும் உடம்பு ஏத்துக்கொள்ளல்லயா?" என்று உம்மம்மா அழுதார். சின்ன மாமா எவருடனும் பேசாமல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார்.

சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்கிறது, குருதியில்தான் சிக்கல் என்றார் வைத்தியர். பின்னர் மாமாவுக்கு ஏற்றியது ஓ வகைக் குருதி. ஏ வகைக்காரருக்கு ஏ வகைக் குருதியே இருக்க, ஏன் ஓ? இந்தக் கேள்வியுடன்தான் எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் போனேன்.

1901 இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வெளியிட்ட குருதி வகைகளை நாம் அறிவோம். ஏ வகைச் செங்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் ஏ எனும் பிறபொருளெதிரியாக்கி உண்டு. ஓ வகைக் கலங்களில் ஏயும் இல்லை, பீயும் இல்லை. ஆனால் ஓ வகையினரின் திரவவிழையத்தில் இவ்விரண்டையும் எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் இருக்கின்றன. நான் பரீட்சைக்காகப் பாடமாக்கி, பிறகு மறந்துவிட்ட பாதி இதுதான்.

கொடையாளியிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்ந்த கரைசலால் கழுவுவார்கள். அப்படியும் சில நிணநீர்க்குழியங்கள் அதற்குள் தங்கிவிடும். பஸ்ஸில் ஏறிய பயணிகளைப்போல் அவை புதிய உடம்புக்குப் போய்ச் சேர்கின்றன. சின்ன மாமாவின் குழியங்களுக்கு ஏ என்பது அந்நியன். ஆகவே அவை பெருகி, பிறபொருளெதிரிகளைச் சுரந்து, பெரிய மாமாவின் செங்குருதிக் கலங்களை அழித்தன. அழிந்த கலங்களிலிருந்து உண்டான பிலிருபின்தான் கண்ணில் தெரிந்த மஞ்சள். இதனைப் 'பயணி நிணநீர்க்குழிய நோய்க்குறித்தொகுதி' எனலாம்.

உறுப்பு நிராகரிப்பில் பெறுபவரின் உடம்பு உறுப்பைத் தாக்கும். இங்கே உறுப்போடு வந்தவை பெறுபவரைத் தாக்குகின்றன. உம்மம்மா நினைத்ததற்கு நேர்மாறு!

செங்குருதிக் கலங்களில் பிறபொருளெதிரி ஒட்டியிருப்பதைக் காட்டும் கூம்ஸ் பரிசோதனை மாமாவுக்கு நேர் என வந்தது. ஏ வகைக் குருதியை ஏற்றியிருந்தால் அந்தக் கலங்களும் அழிந்திருக்கும். ஓ வகைச் செங்குருதிக் கலங்களில் தாக்குவதற்கு ஏ இல்லை. அவற்றை ஏற்றும்போது திரவவிழையத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடுவதால் புதிய பிறபொருளெதிரிகளும் அதிகம் சேர்வதில்லை.

நிணநீர் இழையம் கூடுதலாக உள்ள உறுப்புகளில் இது அதிகம்: இதயமும் நுரையீரலும் சேர்ந்த மாற்றில் மிகக் கூடுதல், ஈரலில் அதனிலும் குறைவு, சிறுநீரகத்தில் இன்னும் குறைவு. பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுக்குள் தலைகாட்டும். பயணிக் குழியங்கள் நீண்டகாலம் தங்குவதில்லை என்பதால் பொதுவாகத் தானாகவே அடங்கும். ஆயினும் உறுப்பு மாற்றப்பட்டவர் வீட்டிலிருந்தால், மஞ்சட்கண், கருஞ்சிறுநீர், மூச்சிளைப்பு என்பவற்றைக் கண்டதும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராதீர்கள்.

இதையெல்லாம் சின்ன மாமாவுக்குப் படம் கீறி விளக்கினேன். நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப கிட்னி நல்லம், அதில வந்த என்ட ஆக்கள்தான் சண்டை பிடிச்சிருக்காங்க" என்றார். அன்று இரவுதான் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.