காபி ஸ்க்ரப்பும் 80-ம் நம்பர் உப்புத்தாளும்

காலை எட்டரைக்கு முகம் கழுவிட்டு கிளாஸுக்குப் போறோம். பதினொரு மணி பிரேக்ல, அணைஞ்சு கிடக்கிற போன் திரையில பார்த்தா நெற்றியும் மூக்கும் பஜ்ஜி போட்ட வாணலி மாதிரி பளபளக்குது. எண்ணெய்ச் சருமம் உள்ள நண்பர்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. இதுக்கு மருந்துன்னு ஹாஸ்டல்ல ரூம் ரூமா சுத்தற சமாச்சாரம்தான் காபி ஸ்க்ரப். வீடியோல பார்த்தா ரெண்டு நிமிஷ வேலை. அதை எப்படிச் சரியாச் செய்யறது, அது எதைச் செய்யும், எதைச் செய்யாதுன்னு இந்த இதழில் பார்ப்போம்.

முதல்ல நான் சொதப்பின கதை. மூணாம் வருஷம், பிளேஸ்மென்ட் பதிவுக்கு போட்டோ எடுக்க இன்னும் நாலு நாள். இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, அரை மூடி எலுமிச்சம்பழம் மூணையும் கலந்து கன்னத்துல அஞ்சு நிமிஷம் தேய்ச்சேன். தேய்க்கும்போதே எரிஞ்சுது. "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம் மச்சி"ன்னு ரூம்மேட் சொன்னான், நானும் நம்பினேன். மறுநாள் ரெண்டு கன்னமும் சிவந்து, தொட்டாலே வலி. அங்கே இருந்த நாலஞ்சு பரு உடைஞ்சிருந்தது. சிவப்பு ஒரு வாரத்தில் போயிடுச்சு. அது விட்டுட்டுப் போன பழுப்புத் திட்டு மறைய அஞ்சு மாசம் ஆச்சு. தோல் டாக்டர் பார்த்துட்டு, "ஏன் தம்பி, முகத்தைத் தேய்ச்சியா, பாத்திரத்தைத் தேய்ச்சியா?"ன்னு கேட்டார்.

அந்தத் திட்டு ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கணும். மாநிறம், கருப்பு நிறத் தோலில் மெலனின் உண்டாக்கும் செல்கள் சுறுசுறுப்பானவை. தோல் எங்கே காயப்பட்டாலும், புண்ணானாலும், அந்த இடத்தில் நிறமியைக் கொட்டிடும். காயம் நாலு நாளில் ஆறினாலும் கறை மாசக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டா இன்னும் கருக்கும். அதனால முகத்தைத் தேய்க்கிற விஷயத்தில் நாம கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதையா இருக்கணும்.

எண்ணெய் எங்கிருந்து வருது?

தோலுக்குள்ளே ரோமக்கால்களை ஒட்டி செபேசியஸ் சுரப்பிகள் இருக்கு. அதுங்கதான் சீபம் என்கிற எண்ணெயைச் சுரக்குது. நெற்றி, மூக்கு, முகவாய் பகுதியில் இந்தச் சுரப்பிகள் நெருக்கமா இருக்கறதால அங்கே பளபளப்பு ஜாஸ்தி. சுரப்பியோட வால்வு ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கையில். பதின்ம வயசுல எண்ணெய் கொட்டறதுக்கு அதுதான் காரணம். ஆக, வெளியே காபித்தூளைப் போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் உள்ளே இருக்கிற பம்ப் நிற்காது.

அப்போ ஸ்க்ரப் என்ன செய்யும்? மேல்தோலின் உச்சியில் செத்த செல்களால் ஆன ஒரு படலம் இருக்கு. இது சுமார் நாலு வாரத்துக்கு ஒரு முறை தானாவே உதிர்ந்து புதுசாகுது. எண்ணெய் அதிகமா இருந்தா உதிர வேண்டிய செல்கள் அதோடு ஒட்டிக்கிட்டு, முகம் சொரசொரப்பா, மங்கலா தெரியும். ஸ்க்ரப் அந்தத் தளர்ந்த செல்களையும் மேலே தேங்கின எண்ணெயையும் கொண்டு போகும். முகம் மென்மையா இருக்கும். சில மணி நேரத்தில் எண்ணெய் திரும்ப வரும். நேர்மையாச் சொன்னா அவ்ளோதான்.

மூக்கு மேல இருக்கிற கரும்புள்ளி? அந்தக் கருப்பு அழுக்கு இல்லை. துளைக்குள் அடைச்ச எண்ணெயும் செத்த செல்லும் காற்றுபட்டுக் கருத்துப் போறதுதான். துளைக்குள்ளே இருக்கிறதை மேலே உருள்ற காபித் துகள் எட்டாது. அதுக்கு சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷ் மேல், ஏன்னா அது எண்ணெயில் கரைஞ்சு துளைக்குள்ளே இறங்கும்.

இப்போ வொர்க்‌ஷாப்புக்கு வாங்க

முதல் வருஷம் கார்பென்டரி ஷாப்ல மரத்தை இழைச்சு முடிச்சதும் உப்புத்தாள் போட்டோமே, ஞாபகம் இருக்கா? 80-ம் நம்பர் உப்புத்தாளில் ஒட்டியிருக்கிற துகளோட அளவு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். நம்ம ஃபில்டர் காபித்தூளின் துகள்களில் நிறைய அதே அளவு, சிலது அதைவிடப் பெரிசு. முகத்தில் அந்தச் செத்த செல் படலத்தோட தடிமன் 0.01-லிருந்து 0.02 மில்லிமீட்டர் வரைதான். படலத்தைவிடப் பத்து மடங்கு பெரிய துகளை வச்சு அதைத் தேய்க்கப் போறோம். இதை மனசுல வச்சுக்கிட்டா பாதி தப்பு நடக்காது.

நல்லவேளை, காபித் துகள் உப்புத்தாள் துகள் மாதிரி கடினமானது இல்லை. இன்னொரு வித்தியாசமும் இருக்கு. தேய்மானம் பத்திப் படிக்கும்போது ரெண்டு வகை சொல்வாங்க. துகள் ஒரு பரப்பில் ஒட்டிக்கிட்டு அடுத்த பரப்பைக் கீறுவது ஒண்ணு, உப்புத்தாள் மாதிரி. ரெண்டு பரப்புக்கு நடுவில் துகள் சுதந்திரமா உருள்றது இன்னொண்ணு. ரெண்டாவதில் தேய்மானம் ரொம்பக் குறைவு. ஸ்க்ரப் குழைவா, ஈரமா இருக்கிற வரைக்கும் துகள் உருளும். காய ஆரம்பிச்சதும் துகள் விரலில் ஒட்டிக்கும். அந்த நிமிஷத்திலிருந்து உங்க விரல்தான் உப்புத்தாள். பேக் மாதிரி போட்டு, இருபது நிமிஷம் காயவிட்டு, வறட்டுனு தேய்ச்சு உதிர்ப்பாங்களே, அதைச் செய்யாதீங்க.

எந்தக் காபித்தூள்?

இன்ஸ்டன்ட் வேண்டாம். அது தண்ணியில் கரையவே தயாரிச்ச சரக்கு. முகத்தில் போட்டதும் கரைஞ்சு போகும். எனக்கு நடந்தது அதுதான்; காபி கரைஞ்சுட்டது, மிச்சமா நின்னு கன்னத்தைக் கிழிச்சது கூர்மையான சர்க்கரைப் படிகம்.

சிறந்தது, டிகாக்‌ஷன் இறக்கின பிறகு ஃபில்டர்ல மிஞ்சற சக்கை. வெந்நீரில் ஊறினதால முனை மழுங்கி மெத்துனு இருக்கும். நம்ம ஊர் ஃபில்டர் தூளில் சிக்கரி கலந்திருக்குமே, பரவாயில்லையான்னு கேட்பீங்க. சிக்கரியில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோட கரைஞ்சு போயிடும், மிஞ்சறதும் குழைஞ்சுதான் இருக்கும், ஒண்ணும் செய்யாது. காசும் மிச்சம். மெஸ் அண்ணன்கிட்ட காலையில கேட்டா ஒரு டம்ளர் நிறையக் கொடுப்பார்.

ஆனா சக்கை ஈரமா இருக்கிறதால சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும். அன்னிக்கு எடுத்ததை அன்னிக்கே பயன்படுத்துங்க. வாரக்கணக்கா டப்பாவில் போட்டு வச்சா முகத்தில் தேய்க்கிறது காபி இல்லை, காளான்.

தேவையானவை

ஒரு முறைக்கு: காபி சக்கை ஒரு டீஸ்பூன், புளிக்காத தயிர் ரெண்டு டீஸ்பூன், கடலை மாவு அரை டீஸ்பூன். தேன் இருந்தா ஒரு கால் டீஸ்பூன், இல்லாட்டி விடுங்க.

தயிர்தான் இங்கே மசகு. துகள் உருள்றதுக்கு அது வேணும். அதில் இருக்கிற லாக்டிக் அமிலம் லேசா உதவும், ஆனா ஒரு நிமிஷத்தில் கழுவப்போறதால அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கடலை மாவு எண்ணெயை உறிஞ்சும், கலவை முகத்திலிருந்து வழியாமலும் பிடிச்சு வைக்கும்.

தேங்காய் எண்ணெய் சேர்க்கச் சொல்ற செய்முறைகளும் உண்டு. வறண்ட தோலுக்குச் சரி. பரு வர்ற எண்ணெய்ச் சருமத்தில் அது துளையை அடைக்கும். போதாக்குறைக்கு காபிக் கொட்டைக்கே எண்ணெய் உண்டு. சக்கையைக் காயவைச்சு எடை போட்டா பத்தில் ஒரு பங்குக்கு மேல எண்ணெய் இருக்கும். அதை எடுத்து பயோடீசல் பண்றதுதான் கெமிக்கல் துறைக்காரங்களோட பழைய புராஜெக்ட் தலைப்பு.

செய்முறை

சக்கையை மைதா சலிக்கிற சல்லடையில் வச்சு, மேலே தண்ணி ஊத்தி ஸ்பூனால் லேசா அழுத்துங்க. கீழே இறங்கற பொடியை ஒரு கிண்ணத்தில் பிடிச்சு, தெளிஞ்சதும் தண்ணியை வடிச்சிடுங்க. அந்த நைஸ் பொடிதான் முகத்துக்கு. சல்லடையில் நிற்கிற பெரிய துகளை முழங்கை, முட்டி, குதிகாலுக்கு வச்சுக்கலாம். இந்த ஒரு வேலையை எந்த வீடியோவிலும் காட்ட மாட்டாங்க, முக்கியமானதே இதுதான்.

கலவை தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியா இருக்கணும். முதல் தடவை செய்றவங்க காதுக்குப் பின்னால் துளி தடவிக் கழுவிட்டு ஒரு நாள் பொறுத்திருங்க. அரிப்போ சிவப்போ வந்தா அதோட நிறுத்திடுங்க.

ராத்திரி நேரம் நல்லது, ஏன்னா தேய்ச்சதும் வெயிலுக்குப் போக வேண்டியதில்லை. முகத்தை முதல்ல சாதாரணமா கழுவி, ஈரத்தோடயே கலவையைத் தடவுங்க. மோதிர விரலைப் பயன்படுத்துங்க. ஆள்காட்டி விரல் தன்னையறியாம அழுத்தும். நெற்றி, மூக்கு, முகவாய்ல சின்னச் சின்ன வட்டமா ஓட்டுங்க. கன்னத்துக்குப் பேருக்கு ரெண்டு சுத்து போதும், கண்ணைச் சுத்தி வேண்டவே வேண்டாம். அழுத்தம் எவ்வளவுன்னு அளக்க ஒரு வழி: விரலுக்குக் கீழே கலவை மட்டும் நகரணும், தோல் நகரக் கூடாது. தோல் இழுபட்டா அழுத்தறீங்க. மொத்தம் ஒரு நிமிஷம். இறுகற மாதிரி தெரிஞ்சா துளி தண்ணி தொட்டுக்கோங்க.

பிறகு சாதாரணத் தண்ணியை நிறைய ஊத்திக் கழுவி, துண்டால் ஒத்தி எடுங்க, துடைக்காதீங்க. உடனே சோப்பு போட வேண்டாம். அதுவும் ஹாஸ்டல் போர் தண்ணி உப்பா இருந்தா, அதிலிருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேர்ந்து பிசுபிசுன்னு ஒரு படிவத்தை முகத்தில் விட்டுடும். எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவுங்க. எண்ணெய் முகத்துக்கு எதுக்குன்னு கேட்காதீங்க. எண்ணெய் வேற, ஈரப்பதம் வேற. மறுநாள் பகலில் சன்ஸ்க்ரீன்.

வாரம் ஒரு முறை போதும். மத்த நாள்ல காலை, ராத்திரி, அப்புறம் விளையாடி வேர்த்தா அதுக்கப்புறம் மென்மையான ஃபேஸ்வாஷ்.

எலுமிச்சையும் சமையல் சோடாவும்

தோலோட பிஹெச் சுமார் 5. எலுமிச்சைச் சாறு சுமார் 2. மூணுதானே வித்தியாசம்னு நினைச்சா கெமிஸ்ட்ரி லேப் மார்க்கைத் திருப்பிக் கொடுத்திடணும். அது மடக்கை அளவு, ஆயிரம் மடங்கு அமிலம். தேய்ச்சுத் திறந்து வச்ச தோலில் அதை ஊத்தினா எரியாம என்ன செய்யும்? அந்தச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டா சிலருக்குக் கொப்புளமே வரும், கறையும் தங்கும். சமையல் சோடா எதிர்ப்பக்கம், 8-க்கு மேல. ரெண்டையும் கலந்தா நுரைச்சு ஏதோ பெரிசா நடக்கிற மாதிரி தெரியும். வர்றது கார்பன் டை ஆக்சைடு, அதுக்கு முகத்தில் வேலை இல்லை.

யாரெல்லாம் தொடக் கூடாது?

சிவந்த பரு, சீழ் வச்ச பரு இருக்கிற நேரத்தில் ஸ்க்ரப் கிடையாது. அடாபலீன், ட்ரெட்டினாயின், பென்சாயில் பெராக்சைடு மாதிரி பரு மருந்து போடறவங்க, ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுக்கறவங்களும் விட்டுடுங்க. அந்த மருந்துகளே தோலை வறட்டி, எரிச்சல் வர வைக்கும். முகம் வெளுக்கணும்னு மெடிக்கல் ஷாப்ல தானா கேட்டு வாங்கற க்ரீம் சிலதில் ஸ்டீராய்டு இருக்கும். அதை மாசக்கணக்கா போட்டவங்க தோல் ஏற்கெனவே மெலிஞ்சிருக்கும். அவங்க தேய்க்கறதுக்குப் பதிலா தோல் டாக்டரைப் பார்க்கறதுதான் வழி. வலிக்கிற, கட்டி கட்டியா வர்ற பருவுக்கும் அதேதான். குழிவிழுந்த பிறகு அதைச் சரிபண்றது ரொம்பக் கஷ்டம்.

காபியில் இருக்கிற கஃபீன் முகத்தை இறுக்கும், கருவளையத்தை நீக்கும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கஃபீன் ரத்தக்குழாயைச் சுருக்கும், அது உண்மை. ஆனா டிகாக்‌ஷன் இறக்கும்போதே பெரும்பாலான கஃபீன் டம்ளருக்குப் போயிடுச்சு. அதைக் குடிச்சுடுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். கழுவின சக்கையை வாஷ்பேசின்ல விடாதீங்க. அது தண்ணியில் கரையாது, குழாயோட வளைவுல போய் எண்ணெயோட சேர்ந்து கெட்டியாகும். எங்க பிளாக் ரெண்டாவது மாடி பேசின் மூணு நாள் அடைச்சுக் கிடந்ததுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்க்ரப் கச்சேரிதான் காரணம். குளிக்கிற பக்கெட்ல முகத்தைக் கழுவி, அந்தத் தண்ணியை வெளியில மண்ணுல ஊத்திடுங்க.